வெட்டும் சமநிலையும்: கோட்டுருக் கொத்தாக்கத்தின் வரலாறு

முனைகளும் அவற்றை இணைக்கும் விளிம்புகளும் கொண்ட அமைப்பைக் கணிதத்தில் கோட்டுரு என்பார்கள். ரயில் நிலையங்களும் தண்டவாளங்களும் ஒரு கோட்டுரு. மின்சுற்றின் பாகங்களும் கம்பிகளும் ஒரு கோட்டுரு. ஒரு கழகத்தின் உறுப்பினர்களும் அவர்களுக்குள் உள்ள பழக்கமும் ஒரு கோட்டுரு. அதைத் தமக்குள் நெருக்கமும் வெளியே தொடர்புக் குறைவும் உள்ள கூட்டங்களாகப் பிரிப்பதே கொத்தாக்கம். சேர்மான உகப்பாக்கத் துறையின் பழைய கணக்குகளில் இதுவும் ஒன்று.

இந்தக் கணக்கில் இரண்டு விருப்பங்கள் மோதிக்கொள்கின்றன. பிரிக்கும்போது அறுபடும் விளிம்புகள் குறைவாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. ஒரு பக்கம் ஊரே நிற்க, மறுபக்கம் ஒற்றை முனை மட்டும் நிற்பது போல் ஆகிவிடாமல், கொத்துகள் ஓரளவு ஒத்த அளவில் அமைய வேண்டும் என்பது மற்றொன்று. முதல் விருப்பம் மட்டும் போதும் என்றால் கணினி விரைவாக விடை சொல்லிவிடும். இரண்டாவதையும் சேர்த்தால் கணக்கு கைமீறிப் போகிறது. கடந்த எழுபது ஆண்டுகளில் வந்த அல்காரிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், சமநிலை என்ற இந்த நிபந்தனையை எப்படிச் சமாளித்தன என்பதில்தான் அவை பெரிதும் வேறுபடுகின்றன.

முதல் விருப்பத்துக்கான தீர்வு பனிப்போரில் பிறந்தது. கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் உள்ள ராண்ட் நிறுவனத்தில், கணிதவியலாளர் டி. ஈ. ஹாரிஸும் ஓய்வுபெற்ற ஜெனரல் எஃப். எஸ். ராஸும் 1955 அக்டோபரில் அமெரிக்க விமானப்படைக்காக ஒரு ரகசிய அறிக்கை தயாரித்தார்கள். சோவியத் ஒன்றியத்திலிருந்து கிழக்கு ஐரோப்பாவுக்கு ரயிலில் அதிகபட்சம் எவ்வளவு சரக்கு அனுப்ப முடியும் என்பது கேள்வி. ரயில்பாதைகளை 44 முனைகளும் 105 விளிம்புகளும் உள்ள கோட்டுருவாக வரைந்து, 1,63,000 டன் என்று விடை கண்டார்கள். விமானப்படைக்கு அந்த எண்ணைவிட வேறொன்று முக்கியம்: எந்தெந்தப் பாதைகளைத் தகர்த்தால் போக்குவரத்து அடியோடு நின்றுபோகும் என்பது. அதையும் வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டியிருந்தார்கள்.

இந்தக் கணக்கை ஹாரிஸ் அதே நிறுவனத்தில் இருந்த லெஸ்டர் ஃபோர்டு, டெல்பர்ட் ஃபல்கர்சன் இருவரிடமும் சொல்லியிருந்தார். அவர்கள் நிறுவி 1956-இல் வெளியிட்ட தேற்றம் இத்துறைக்கு அடித்தளமானது. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகக்கூடிய உச்சப் பாய்வும், அவ்விரண்டையும் துண்டிக்கத் தேவையான மிகக் குறைந்த வெட்டும் எப்போதும் சமம். எவ்வளவு அனுப்ப முடியும் என்று கணக்கிட்டுவிட்டால் எங்கே வெட்டுவது என்பதும் கூடவே தெரிந்துவிடும். ரயிலை ஓட்டுவதற்கும் ரயிலை நிறுத்துவதற்கும் ஒரே கணக்கு! ஹாரிஸ்–ராஸ் அறிக்கை, நெதர்லாந்துக் கணிதவியலாளர் அலெக்சாண்டர் ஸ்க்ரைவர் கேட்டுக்கொண்டதன் பேரில் 1999-இல்தான் ரகசியப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதுவரை இந்தத் தேற்றம் பாடநூல்களில் குண்டுவீச்சின் வாடையே இல்லாமல் இருந்தது.

1961-இல் ரால்ஃப் கொமொரியும் டி. சி. ஹூவும் ஒரு படி மேலே போனார்கள். n முனைகள் உள்ள கோட்டுருவில் ஒவ்வொரு சோடிக்கும் தனித்தனியாகப் பாய்வு கணக்கிட வேண்டியதில்லை. n−1 கணக்குகளே போதும், எல்லாச் சோடிகளின் குறும வெட்டுகளும் ஒரே மரத்தில் அடங்கிவிடும் என்று காட்டினார்கள். ஆனால் நடைமுறையில் ஒரு தொல்லை. உண்மையான வலைப்பின்னல்களில் மிகச் சிறிய வெட்டு என்பது பெரும்பாலும் ஓரத்தில் ஒற்றை இழையில் தொங்கும் ஏதோ ஒரு முனையைக் கழற்றிவிடுவதாகவே இருக்கும். அது சரியான விடைதான். யாருக்கும் பயன்படாத விடை.

சமநிலையைக் கறாராகக் கேட்டது மின்னணுத் தொழில். அமெரிக்காவின் நியூஜெர்சியில் பெல் ஆய்வகத்தில் இருந்த பிரையன் கெர்னிகனும் ஷென் லின்னும் 1970-இல் வெளியிட்ட கட்டுரையில் சொல்லும் தேவை இது: ஒரு மின்சுற்றின் பாகங்களை ஒரே பலகையில் அடக்க முடியாது, பல பலகைகளில் பரப்ப வேண்டும். பலகைக்குள் ஓடும் இணைப்பு மலிவு. பலகை விட்டுப் பலகை தாவும் இணைப்பு செலவு. பலகையின் கொள்ளளவோ மாறாதது. ஆகவே இரு பக்கமும் சம எண்ணிக்கை, இடையில் கம்பிகள் மிகக் குறைவு. எல்லா வழிகளையும் சோதித்துப் பார்த்துவிடலாமே என்றால், வெறும் 40 பாகங்களை இருபது இருபதாகப் பிரிக்கவே 6,892 கோடிக்கும் மேற்பட்ட வழிகள் உண்டு.

கெர்னிகன்–லின் முறை எப்படியோ ஒரு சமப் பிரிவினையில் தொடங்குகிறது. ஒவ்வொரு முனைக்கும், எதிர்ப்பக்கத்துக்குப் போகும் விளிம்புகளிலிருந்து சொந்தப் பக்கத்து விளிம்புகளைக் கழித்தால் ஓர் எண் வரும். இடப்பக்கத்து முனை ஒன்றுக்கு எதிர்ப்பக்கத்தில் மூன்று விளிம்பு, சொந்தப் பக்கத்தில் ஒன்று என்றால் அதன் எண் 2. வலப்பக்கத்து முனை ஒன்றுக்கு எதிரே இரண்டு, உள்ளே ஒன்று என்றால் அதன் எண் 1. இவ்விரண்டையும் இடம் மாற்றினால் ஆதாயம் 3. இரண்டுக்கும் நடுவே நேரடி விளிம்பு இருந்தால், மாற்றிய பிறகும் அது வெட்டுப்பட்டே கிடக்கும். எனவே அதற்காக 2 கழித்து, ஆதாயம் 1. இப்படி ஆதாயம் மிகுந்த சோடியைத் தேர்ந்து, தற்காலிகமாக இடம் மாற்றி, அவற்றைப் பூட்டிவிட்டு அடுத்த சோடிக்குப் போக வேண்டும்.

முறையின் சூட்சுமம் இதற்கடுத்த படியில் இருக்கிறது. ஆதாயம் தரும் சோடி தீர்ந்துபோன பிறகும் அது நிற்பதில்லை. நட்டம் வந்தாலும் வரட்டும் என்று எல்லா முனைகளும் பூட்டப்படும் வரை மாற்றிக்கொண்டே போகிறது. கடைசியில் திரும்பிப் பார்த்து, எந்த இடத்தில் மொத்த ஆதாயம் உச்சத்தில் இருந்ததோ அதுவரை உள்ள மாற்றங்களை மட்டும் ஏற்று, மீதியைத் தள்ளுபடி செய்கிறது. ஆதாயம் பூஜ்யமாகும் வரை இந்தச் சுற்று தொடரும். சிறிய பள்ளத்தில் சிக்கிக்கொள்ளாமல் மேடேறி இறங்கிப் பார்க்கும் இந்தத் துணிச்சலால்தான் அது தனக்கு முந்தைய முறைகளை மிஞ்சியது. கிடைக்கும் விடை மிகச் சிறந்ததற்கு எவ்வளவு அருகில் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கெர்னிகனைப் பலரும் டென்னிஸ் ரிச்சியோடு சேர்ந்து ‘சி’ மொழிப் புத்தகம் எழுதியவராகவே அறிவார்கள். அவரது முனைவர் பட்ட ஆய்வு கோட்டுருப் பிரிவினை பற்றியது.

உத்தரவாதம் ஏன் இல்லை என்பதற்கு விளக்கம் விரைவிலேயே வந்தது. 1972-இல் ரிச்சர்ட் கார்ப் 21 சேர்மானக் கணக்குகளை என்பி-முழுமை (விரைவாகத் தீர்க்கும் வழி எதுவும் அறியப்படாத வகை) என்று நிறுவினார். 1976-இல் மைக்கேல் கேரி, டேவிட் ஜான்சன், லாரி ஸ்டாக்மேயர் மூவரும் கோட்டுருவைச் சம பாதியாக வெட்டும் கணக்கையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். சமநிலை வேண்டாம் என்றால் எளிது, வேண்டும் என்றால் கடினம் என்ற பிளவு அப்போது கணித உண்மையாகவே பதிவானது.

தொழிற்கூடங்கள் இதற்காகக் காத்திருக்கவில்லை. ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தின் சார்ல்ஸ் ஃபிடூசியாவும் ராபர்ட் மத்தைசஸும் 1982-இல், சோடியாக மாற்றாமல் ஒரு நேரத்தில் ஒரே முனையை நகர்த்தி, ஆதாயவாரியாக முனைகளை வாளிகளில் போட்டு வைத்தார்கள். ஒற்றை முனை நகரச் சமநிலையில் சிறிது நெகிழ்வு கொடுத்தார்கள்; வாளிகளால் ஒவ்வொரு சுற்றும் மின்சுற்றின் அளவுக்கு நேர்விகிதமான நேரத்தில் முடிந்தது. ஒரே கம்பி பல பாகங்களைத் தொடுவதையும் அவர்கள் உள்ளபடியே கணக்கில் எடுத்தார்கள். மறுவருடம் ஐபிஎம்மின் கிர்க்பாட்ரிக், ஜெலாட், வெக்கி மூவரும், உலோகத்தைச் சூடேற்றி மெல்ல ஆறவிடுவதைப் போன்ற ஒரு முறையைச் சில்லு வடிவமைப்புக்கும் பயன்படுத்திக் காட்டினார்கள். 1989-இல் டேவிட் ஜான்சனும் கூட்டாளிகளும் இந்த ஆறவிடும் முறையையும் கெர்னிகன்–லின் முறையையும் பொறுமையாக ஒப்பிட்டார்கள். தற்செயலாக அமைந்த கோட்டுருக்களில் ஆறவிடும் முறை முந்தியது. வடிவியல் அமைப்பு உள்ளவற்றில் பழைய கெர்னிகன்–லின்னே மேல். புதுமைக்குக் கிடைத்த ஆரவாரத்தோடு பார்த்தால் இது அடக்கமான முடிவுதான்.

இதே காலத்தில் வேறொரு கிளை சத்தமில்லாமல் வளர்ந்தது. பிராகில் இருந்த மிரோஸ்லாவ் ஃபீட்லர் 1973-இல் கோட்டுருவை ஓர் அணியாக எழுதிப் பார்த்தார்: மூலைவிட்டத்தில் ஒவ்வொரு முனையின் விளிம்பு எண்ணிக்கை, விளிம்பு உள்ள இடங்களில் −1, மற்ற இடங்களில் பூஜ்யம். இந்த அணிக்கே உரிய ஐகன் மதிப்புகள் என்ற எண்களில் மிகச் சிறியது எப்போதும் பூஜ்யம். அடுத்த ஐகன் மதிப்பு பூஜ்யமானால் கோட்டுரு துண்டுபட்டிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் துண்டுபடும் நிலையில் இருக்கிறது. அதற்குரிய ஐகன் வெக்டரில் ஒவ்வொரு முனைக்கும் ஓர் எண் உண்டு. எதிர்ம எண் பெற்றவை ஒரு பக்கம், நேர்ம எண் பெற்றவை மறுபக்கம் என்று பிரித்தால் நல்லதொரு வெட்டு கிடைக்கும். அந்த எண்களின் கூட்டுத்தொகை பூஜ்யமாக வேண்டும் என்பது அணிக் கணக்கிலேயே அடங்கியிருப்பதால், எல்லா முனையும் ஒரே பக்கம் சாய முடியாது. சமநிலை இங்கே வெளியிலிருந்து போடப்பட்ட நிபந்தனை இல்லை, கணக்குக்குள்ளேயே கரைந்திருக்கிறது. ஐபிஎம்மில் வில்லியம் டோனத்தும் ஆலன் ஹாஃப்மனும் ஏறத்தாழ அதே நேரத்தில் ஐகன் மதிப்புகளைக் கொண்டு பிரிவினைக்குக் கீழெல்லை கண்டார்கள்.

இதற்கான கோட்பாட்டு அடிப்படை வடிவியலிலிருந்து வந்தது. வளைந்த பரப்புகளைக் குறித்து ஜெஃப் சீகர் 1970-இல் நிறுவிய சமனிலியைப் பின்னர் வந்தவர்கள் கோட்டுருவுக்குப் பெயர்த்தார்கள். வெட்டின் அளவைச் சிறிய பக்கத்தின் அளவால் வகுத்தால் வரும் விகிதத்தை அது ஐகன் மதிப்போடு பிணைக்கிறது. விகிதம் என்று வந்துவிட்டால் ‘சரிபாதி’ என்று கட்டாயப்படுத்த வேண்டாம். ஒற்றை முனையை மட்டும் கழற்றினால் வகுக்கும் எண் சிறுத்து, விகிதம் தானாகவே பெருத்துவிடும். 1990-இல் அலெக்ஸ் போத்தன், ஹார்ஸ்ட் சைமன், காங்-பூ லியூ ஆகியோர் பெரிய அணிக் கணக்குகளைப் பகுக்க இந்த முறையைப் பயன்படுத்தினார்கள். 1997-இல் ஜியான்போ ஷியும் ஜிதேந்திர மாலிக்கும் அதையே படங்களுக்குக் கொண்டுபோனார்கள்: புள்ளிகள் முனைகள், நிறமும் இடமும் ஒத்த புள்ளிகளுக்கு இடையே கனத்த விளிம்பு, வெட்டு விழும் இடம் பொருளின் ஓரம்.

தொண்ணூறுகளில் கணக்கின் அளவே மாறியது. விமான இறக்கையையோ பாலத்தையோ பல இலட்சம் சிறு துண்டுகளாக்கி, இணையாக இயங்கும் நூற்றுக்கணக்கான செயலிகளுக்குப் பங்கிட வேண்டும். செயலிகளுக்கு வேலை சமமாக இல்லாவிட்டால் சில சும்மா நிற்கும். வெட்டு பெரிதானால் எல்லாம் பேச்சிலேயே நேரத்தைத் தொலைக்கும். சாண்டியா ஆய்வகத்தின் புரூஸ் ஹென்ட்ரிக்சன், ராபர்ட் லேலண்ட் ஆகியோரும், மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் காரிபிஸ், விபின் குமார் ஆகியோரும் இதற்குப் பலமட்ட முறையைச் செப்பமாக்கினார்கள். அண்டை முனைகளை இரண்டிரண்டாக ஒட்டிக் கோட்டுருவைச் சுருக்கிக்கொண்டே போய், சில நூறு முனைகள் மிஞ்சும்போது வெட்டி, பிறகு ஒவ்வொரு மட்டமாக விரித்துக்கொண்டு வரும்போது எல்லையைத் திருத்துவது. திருத்தும் வேலையைச் செய்வது 1970, 1982 ஆண்டுகளின் அதே பழைய முறைகள்தான். காரிபிஸும் குமாரும் வெளியிட்ட ‘மெட்டிஸ்’ மென்பொருள் இத்துறையின் அன்றாடக் கருவியாகிவிட்டது.

கோட்பாட்டாளர்கள் வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தார்கள். மிகச் சிறந்த விடையைக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலும், அதைவிட இத்தனை மடங்குக்கு மேல் மோசமாகாது என்று உறுதி தர முடியுமா என்பது அவர்கள் கேள்வி. 1988-இல் டாம் லெய்டனும் சதீஷ் ராவும் ஃபோர்டு–ஃபல்கர்சன் பாய்வை மறுபடி எடுத்தார்கள். ஓர் இடத்திலிருந்து ஓர் இடத்துக்கு என்றில்லாமல், எல்லா முனைகளிலிருந்தும் எல்லா முனைகளுக்கும் ஒரே சமயத்தில் சரக்கு அனுப்பினால் எங்கே நெரிசல் வரும் என்று பார்த்து, விகித வெட்டுக்கு முனைகளின் எண்ணிக்கையின் மடக்கை அளவிலான உத்தரவாதம் தந்தார்கள். 2004-இல் சஞ்சீவ் அரோரா, சதீஷ் ராவ், உமேஷ் வசிரானி மூவரும் அதை மடக்கையின் வர்க்கமூலமாகக் குறைத்தார்கள். முனைகளை உயர்பரிமாணப் புள்ளிகளாகப் பரப்பி, நன்கு விலகி நிற்கும் இரு பெரிய கூட்டங்களை அதில் கண்டெடுக்கும் அவர்களது நிறுவல் அழகானது. ஆனால் தொழிற்கூடங்கள் மெட்டிஸை விட்டு அதற்கு மாறவில்லை. உத்தரவாதம் உள்ளவை கட்டுரைகளிலும், உத்தரவாதம் இல்லாதவை இயந்திரங்களிலும் வாழ்ந்தன.

சமூக ஆய்வாளர்களுக்கு இந்தக் கணக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தது. 1955-இலேயே ராபர்ட் வைஸும் யூஜின் ஜேக்கப்சனும் ஓர் அரசு அலுவலகத்தில் யார் யாரோடு வேலை செய்கிறார் என்று பதிவு செய்து, பல குழுக்களுக்குப் பாலமாக இருந்தவர்களை நீக்கிக் குழுக்களை அடையாளம் கண்டார்கள். ஆனால் இத்துறையில் எல்லோருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு வெய்ன் சக்கரி என்ற மானிடவியலாளர் 1977-இல் வெளியிட்டது. ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கராத்தே கழகத்தை அவர் 1970 முதல் 1972 வரை கவனித்தார். பயிற்சிக் கட்டணத்தை உயர்த்த வேண்டும் என்றார் பயிற்சியாளர். கூடாது என்றார் கழகத் தலைவர். பூசல் முற்றிக் கழகம் இரண்டாக உடைந்தது. கழகத்துக்கு வெளியேயும் பழகிய 34 பேரைச் சக்கரி முனைகளாக எடுத்து, எத்தனை இடங்களில் ஒருவரோடொருவர் பழகுகிறார்களோ அதையே விளிம்பின் எடையாகக் கொண்டார். பயிற்சியாளரைத் தொடக்கமாகவும் தலைவரை முடிவாகவும் வைத்து ஃபோர்டு–ஃபல்கர்சன் வெட்டைக் கணக்கிட்டார். யார் எந்தப் புதிய கழகத்தில் சேர்ந்தார் என்பதை அந்த வெட்டு 34 பேரில் 33 பேருக்குச் சரியாகச் சொன்னது.

தவறியவர் ஒன்பதாம் எண். பழக்கத்தால் அவர் தலைவரின் பக்கம். போய்ச் சேர்ந்ததோ பயிற்சியாளரிடம். கறுப்புப் பட்டைத் தேர்வுக்கு அவருக்கு இன்னும் மூன்றே வாரம் இருந்தது. தலைவரோடு போனால் உழைத்துப் பெற்ற தகுதியைத் துறந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். கோட்டுருவில் அதற்கு விளிம்பு கிடையாது. சக்கரிக்குச் சமநிலை நிபந்தனை தேவைப்படவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது: எதிரெதிராக நின்ற இரு தலைகளே வெட்டை நடுவில் பிடித்து வைத்துக்கொண்டன. பிற்காலத்தில் இந்த 34 பேரைச் சோதித்துப் பார்க்காத அல்காரிதம் அரிது. 2013 முதல், வலைப்பின்னல் மாநாடுகளில் இந்த எடுத்துக்காட்டை முதலில் காட்டுபவருக்கு விளையாட்டாக ஒரு கோப்பையே தருகிறார்கள்.

தலைகள் யார் என்று தெரியாத, எத்தனை கொத்து என்றும் தெரியாத பெரிய வலைப்பின்னல்களுக்கு 2002-இல் மிஷேல் கிர்வனும் மார்க் நியூமனும் ஒரு வழி சொன்னார்கள். முனைக்கு முனை போகும் மிகக் குறுகிய பாதைகள் அதிகமாகக் கடந்துபோகும் விளிம்பை நீக்கு, மறுபடி கணக்கிடு, மறுபடி நீக்கு. எப்போது நிறுத்துவது என்பதற்காக 2004-இல் ‘மாடுலாரிட்டி’ என்ற அளவைக் கொண்டுவந்தார்கள். கொத்துகளுக்குள் உள்ள விளிம்புகள், அதே முனைகளைத் தற்செயலாக இணைத்திருந்தால் எதிர்பார்க்கக்கூடிய எண்ணிக்கையைவிட எவ்வளவு அதிகம் என்பதே அது. எல்லாவற்றையும் ஒரே கொத்தில் போட்டால் மதிப்பு பூஜ்யம். ஆகவே சமநிலையின் வேலையை இங்கே புள்ளியியல் எதிர்பார்ப்பு ஏற்றுக்கொண்டது. இதை உச்சமாக்குவதும் என்பி-கடினமே என்று உல்ரிக் பிராண்டஸும் கூட்டாளிகளும் பின்னர் நிறுவினார்கள். 2007-இல் சாண்டோ ஃபோர்ச்சுனாட்டோவும் மார்க் பார்த்தெலமியும் இன்னொரு குறையைக் காட்டினார்கள்: வலைப்பின்னல் பெருகப் பெருக, மொத்த விளிம்புகளின் வர்க்கமூலத்தை ஒட்டிய அளவுக்குக் கீழே உள்ள கொத்துகள், எவ்வளவு தெளிவாகத் தனித்து நின்றாலும், மாடுலாரிட்டியின் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடும்.

குறை தெரிந்தும் பயன்பாடு குறையவில்லை; வேகமான முறை ஒன்று மறுவருடமே வந்துவிட்டது. பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் வின்சென்ட் ப்ளொண்டெல் குழுவினர் 2008-இல் வெளியிட்ட முறை அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயராலேயே லூவேன் முறை எனப்படுகிறது. ஒவ்வொரு முனையும் தனக்கு ஆதாயமான அண்டைக் கொத்துக்கு நகரும். நகர்வு நின்றதும் ஒவ்வொரு கொத்தும் ஒரு முனையாகச் சுருங்கும். பிறகு அதே வேலை. சுமார் 20 இலட்சம் பேரின் கைபேசி அழைப்புகளை அவர்கள் இதில் இட்டபோது பெல்ஜியம் பிரெஞ்சு பேசுவோர், டச்சு பேசுவோர் என்று இரண்டாகப் பிரிந்து தெரிந்தது. பெரிய கொத்துகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் 85 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ஒரே மொழிக்காரர்கள். அந்த ஒரு கொத்து இரு மொழிகளுக்கும் நடுவே நின்றது. 2019-இல் நெதர்லாந்தின் லெய்டனில் வின்சென்ட் டிராக், லூடோ வால்ட்மன், நீஸ் யான் வான் எக் மூவரும், லூவேன் முறை தரும் கொத்துகளில் சில உள்ளுக்குள்ளேயே துண்டுபட்டுக் கிடக்கின்றன என்று காட்டித் திருத்திய முறையை வெளியிட்டார்கள். ஒரு கொத்து குறைந்தபட்சம் ஒட்டியாவது இருக்க வேண்டும் என்பதைப் பத்தாண்டுக்கு மேல் பலர் சரிபார்க்காமலே இருந்திருக்கிறார்கள்.

சமநிலை நிபந்தனையையே தேவையற்றதாக்கியது உடன்பாட்டுக் கொத்தாக்கம். 2002-இல் நிகில் பன்சல், அவ்ரிம் ப்ளம், சுச்சி சாவ்லா ஆகியோர் அதை இந்த வடிவில் முன்வைத்தார்கள். ஒவ்வொரு சோடிக்கும் ‘ஒன்றாக இருக்கட்டும்’ என்று கூட்டல் குறியோ, ‘பிரியட்டும்’ என்று கழித்தல் குறியோ உண்டு. மீறப்படும் குறிகள் மிகக் குறைவாக இருக்கும்படி பிரிக்க வேண்டும். எத்தனை கொத்து என்று யாரும் சொல்ல வேண்டாம். எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்தால் கழித்தல் குறிகள் எதிர்க்கும், தனித்தனியாக உதிர்த்தால் கூட்டல் குறிகள் எதிர்க்கும். இதற்கு முன்னோடிகள் உண்டு. 1964-இல் சார்ல்ஸ் ஜான் இதையொத்த கணக்கை ஆராய்ந்திருக்கிறார். 1989-இல் மார்ட்டின் குரோட்ஷெலும் யோஷிகோ வக்கபயாஷியும் நெருங்கிய உறவுள்ள கணக்கு ஒன்றை வெட்டுத்தள முறையால் தீர்த்திருக்கிறார்கள்.

இதற்கு 2005-இல் நிர் அய்லன், மோசஸ் சாரிகர், அலந்தா நியூமன் தந்த முறை நான்கு வரியில் எழுதிவிடக்கூடியது. ஏதோ ஒரு முனையைக் குருட்டாம்போக்கில் எடு, அதோடு கூட்டல் குறி உள்ள எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கொத்தாக்கு, அவற்றை நீக்கு, மீதியில் தொடர். சராசரியாக இதன் பிழை மிகச் சிறந்த விடையின் பிழையைப் போல் மூன்று மடங்குக்கு மேல் போகாது. இரண்டு கூட்டலும் ஒரு கழித்தலும் கொண்ட முக்கோணம் எதையும் யாராலும் பிழையின்றிப் பிரிக்க முடியாது, இந்த முறை செய்யும் பிழை ஒவ்வொன்றும் அத்தகைய முக்கோணம் ஒன்றில்தான் விழுகிறது என்பதே நிறுவலின் கரு. உத்தரவாதமும் எளிமையும் ஒரே முறையில் கூடியது இத்துறையில் அரிய நிகழ்வு.

அதன்பின் அந்த மூன்றைக் குறைக்கும் போட்டி தொடங்கியது. 2015-இல் சாவ்லாவும் கூட்டாளிகளும் 2.06 வரை இறக்கினார்கள். அவர்கள் பயன்படுத்திய நேரியல் திட்ட அணுகுமுறையால் 2-க்குக் கீழே போக முடியாது என்பது தெரிந்திருந்ததால் பலரும் அதை எல்லையாகவே கருதினார்கள். 2022-இல் வின்சென்ட் கோஹன்-அடாட், யூவோங் லீ, அலந்தா நியூமன் மூவரும் வலுவான தளர்வு ஒன்றைக் கொண்டு 1.994-க்கு இறக்கி அந்தச் சுவரை உடைத்தார்கள். அடுத்த ஆண்டு அது 1.73 ஆனது, 2024-இல் 1.437 ஆனது. 1.04-ஐ ஒட்டிய ஓர் எல்லைக்குக் கீழே இறங்குவது என்பி-கடினம் என்றும் அதே 2024 கட்டுரை நிறுவியது. இவ்விரு எண்களுக்கும் இடைப்பட்ட பகுதி இன்னும் திறந்தே கிடக்கிறது.